மூழ்கிய கப்பலின் மணி

தண்ணீருக்கு நன்றி, ஐயா. குவளை உதட்டில் படாமல் நான் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்து உங்கள் மொழிபெயர்ப்பாளர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்கு எச்சில் ஆகாது. எழுபத்தொன்றில் ஷார்ஜாவுக்கு வந்தேன். ஆறு வருடமாகியும் அந்த ஒரு சுத்தத்தை மட்டும் நான் விடவில்லை.

உமாபதிக்கு அந்தச் சுத்தமெல்லாம் கிடையாது. ஒரே கம்பெனியில் நான் வரைபடப் பிரிவு, அவன் கொள்முதல் பிரிவு. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், மூக்கில் வியர்த்த மாதிரி வந்து நிற்பான். "சேது, தங்கச்சி கைப்பக்குவமே தனிய்யா. சும்மா ஒரு வாய்" என்று தன் எச்சில் கரண்டியை என் சாதத்தில் விடுவான். மிச்சத்தை நான் கொட்டிவிடுவேன். வீட்டுக்கு வந்தாலும் இதே கூத்துதான். என் மனைவி நளினி அவன் சொல்லும் அசட்டு ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கம்பெனியின் வெள்ளைக்கார இஞ்சினீயர்கள் ஒரு டைவிங் கிளப் வைத்திருந்தார்கள். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் ரப்பர் குழாய். நான் சேர்ந்தேன், நான் சேர்ந்ததால் அவனும் சேர்ந்தான். நீச்சல் குளத்தில் ஒரு பாடம் நடத்தினார்கள். கடலடியில் ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால், துணைக்கு வந்தவன் தன் வாயிலிருக்கும் குழாயை எடுத்து அவனுக்குக் கொடுக்க வேண்டும். இருவரும் மாற்றி மாற்றி மூச்சு வாங்கியபடி மேலே வர வேண்டும். எனக்குக் குமட்டியது. தலைவலி என்று சொல்லி மட்டம் போட்டேன்.

உமாபதி எல்லார் முன்னாலும், "நம்ம சாமிக்கு மீன் குளிச்ச தண்ணியே தீட்டு. இவரா நமக்குக் குழாய் குடுக்கப்போறாரு?" என்றான். ஆக, அவனுக்கு என்னைப் பற்றி நன்றாகவே தெரியும்.

அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தவன் நான். எந்தக் காலத்திலோ மூழ்கிய தபால் கப்பல். வலை எங்கே சிக்கிக் கிழிகிறது என்று இரண்டு குளிர்காலம் மீனவர்களிடம் கேட்டு அலைந்தேன். கடைசியில் படகுக்காரர் சுஐபு இடத்தைக் காட்டினார். தனியாக இறங்கக் கூடாது என்பது கிளப் சட்டம். அதனால் உமாபதியை அழைத்துப் போய்த் தொலைத்தேன். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நடந்த பொங்கல் விருந்தில் அவன் "நாங்க கண்டுபிடிச்ச கப்பல்" என்று ஆரம்பித்தான். பாயசம் வருவதற்குள் அது "நான் கண்டுபிடிச்ச கப்பல்" ஆகிவிட்டது. நளினியும் அவனிடம்தான் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கப்பலின் பெயர் பொறித்த பொருள் ஏதாவது கொண்டுவருபவனின் பெயரை கிளப் பலகையில் எழுதுவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அதுவரை அந்தப் பலகையில் ஓர் இந்தியன் பெயர்கூட இல்லை. எனக்கு வேறு ஆசையே கிடையாது, ஐயா.

போன வெள்ளிக்கிழமை இறங்கினோம். ஜனவரித் தண்ணீர் எலும்பைக் கடித்தது. குளிரில் நிதானமாக மூச்சு விட்டால்தான் காற்று நிற்கும். உமாபதிக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். சோற்றைப் போலவே காற்றையும் அள்ளி விழுங்கினான். நாங்கள் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தோம்; அங்கிருந்து நேராக மேலே போக முடியாது, நெளிந்து வளைந்து வந்த வழியேதான் திரும்ப வேண்டும். சிலிண்டர் ஓரத்தில் ஒரு கம்பி உண்டு. காற்று தீரும்போது அதை இழுத்தால், திரும்புவதற்கென்று கொஞ்சம் மிச்சக் காற்று வரும். அதையும் இழுத்துவிட்டு அவன் மணலைத் தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தோளைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. அவனென்ன சின்னக் குழந்தையா?

நான் மட்டும் மேலே வந்து படகேறியபோது, அவன் எங்கே போனான் என்றே தெரியாது என்று சுஐபிடம் சொன்னது பொய். என் சிலிண்டரில் தாராளமாகக் காற்று மிச்சமிருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் என்னிடம் வந்தான். குழாயைக் கேட்டான். நான் தலையை ஆட்டி மறுத்தேன். எச்சில், ஐயா. அது என் வளர்ப்பு. பகையோ பொறாமையோ துளியும் இல்லை. அவன் மனைவி சந்திரகலாவிடமும் இதை அப்படியே சொல்லிவிடுங்கள், தவறாக நினைக்கப்போகிறார்.

மணி எப்படி என் பைக்குள் வந்தது என்று கேட்கிறீர்கள். அது கப்பலின் சாப்பாட்டு அறை மணி. தேங்காய் அளவு இருக்கும். பாசியைத் துடைத்திருந்தான், கப்பலின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கையால் தன் வாயைக் காட்டினான். மறு கையால் மணியை என்னிடம் நீட்டினான், இந்தா, இதை நீயே வைத்துக்கொள் என்பதுபோல.

மணியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.