தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

— இன்னும் நல்லா தட்டுய்யா வாட்ச்மேன். அந்த டெய்லரம்மா உள்ள தூங்கிட்டாங்களோ என்னமோ.

— தட்டித் தட்டி கை வீங்கிப்போச்சு ஐயா. தங்கச்சி, மேனேஜர் ஐயாவே பாத்ரூம் வாசலுக்கு வந்துட்டாரு. தொறம்மா.

— வாங்க சார். உக்காருங்கன்னு சொல்லலாம்னா, இங்க இருக்கிறது ஒரே ஒரு இருக்கை. அதுவும் மூடி உடைஞ்சு கெடக்கு.

— விளையாடாதீங்கம்மா. பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. நம்ம பயிற்சி மையத்துக்கு நிதி குடுக்கிறவங்களே நேர்ல வர்றாங்க. வாசல்ல பூச்செண்டு குடுக்க வேண்டியது நீங்க. இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?

— ஒளியல சார். விசயம் என்னன்னா, நான்...

— என்ன? போராட்டமா? அதாவது, சொல்லுங்க. போராட்டம்தானே இது? மூணு வருசமா எங்களோட நல்லா இருந்துட்டு, இன்னைக்குப் பார்த்து கதவைச் சாத்திக்கிட்டா வேற என்ன அர்த்தம்?

— அட, ஆமா சார். போராட்டந்தான். எனக்கே இப்பத்தான் உறைக்குது.

— வாட்ச்மேன்! இந்த ரூம் சாவியை யாருய்யா இவங்ககிட்ட குடுத்தது?

— நான் சின்ன ஆளு ஐயா. தங்கச்சி சக்கர நாற்காலியில வந்து அவசரம்னுச்சு. கதவுலயும் சக்கர நாற்காலி படம் போட்டிருக்கு. ரெண்டும் பொருந்துதேன்னு குடுத்துட்டேன்.

— அதாவது, இது இப்போதைக்கு சாமான் வைக்கிற ரூமா இருக்குய்யா. தற்காலிகமா.

— மூணு வருசத் தற்காலிகம் சார். இங்க என்னென்ன இருக்குன்னு சொல்லட்டுமா? நாலு பெட்டி தொப்பி. ஒரு ஆலோசனைப் பெட்டி, பிளாஸ்டிக் உறைகூட பிரிக்கல. ‘எவரையும் விட்டுவிடாதீர்’னு ஒரு பேனர், அதைச் சுருட்டி குழாய்க்குப் பின்னாடி விட்டுட்டீங்க. அப்புறம் என் படம் போட்ட போஸ்டர் இருநூறு இருக்கும்.

— அந்தப் போஸ்டர் நல்லாதானேம்மா இருக்கு?

— மூக்கு நல்லா விழுந்திருக்கு. கீழ என்ன எழுதியிருக்கீங்கன்னு இன்னைக்குத்தான் படிச்சேன். ‘வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர், இன்று நம் பயிற்சியால் ஊசி பிடிக்கிறார்.’ சார், நான் ஊசி பிடிச்சு பதினெட்டு வருசம் ஆச்சு. உங்க பயிற்சி டீச்சருக்கு காலர் வெட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்.

— அது... மொழிநடைக்காகக் கொஞ்சம்...

— ஐயா, நடுவுல பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க. போன தடவ இந்தத் தங்கச்சி வந்தப்போ காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு மடக்கு தண்ணி குடிக்கல. நான் டம்ளரை நீட்டுனேன், வேணாம்னுடுச்சு. எனக்கு அப்போ புரியல.

— அண்ணே, அதெல்லாம் எதுக்கு இப்போ.

— இந்த ரூம் பூட்டியிருந்தது. அதான் குடிக்கல. இன்னைக்குச் சாவி கேட்டப்போதான் எனக்கு மண்டையில ஏறுச்சு ஐயா.

— சரி, சரி. பாருங்கம்மா, இன்னைக்கே சாமானை எல்லாம் எடுத்துடுவோம். போதுமா? தொறங்க.

— போராட்டம்னு ஆனப்புறம் கோரிக்கைன்னு ஒண்ணு வேணாமா சார்? கொஞ்சம் இருங்க, யோசிக்கிறேன்.

— இன்னும் யோசிக்கவே இல்லையா நீங்க!

— வந்துருச்சு. உங்க திட்டக்குழுவுல மாற்றுத்திறனாளிகள் சார்பா ரெண்டு பேர் இருக்காங்களே, யார் யாரு?

— அதாவது... நான் ஒருத்தன்.

— உங்களுக்கு என்ன சார் குறை?

— குறை ஒண்ணும் இல்ல. அக்கறையினால இருக்கேன்.

— இன்னொருத்தர்?

— டைரக்டரோட மச்சான்.

— அவருக்கும் அக்கறையா?

— அவருக்கு முதுகுவலி ஐயா. லீவு கேக்கும்போதெல்லாம் சொல்லுவாரு.

— வாட்ச்மேன், நீ வாயை மூடு!

— அந்த ரெண்டு நாற்காலியும் எங்களுக்கு வேணும் சார். எனக்கு நாற்காலிகூட வேண்டாம், நான் கையோட கொண்டு வந்திருவேன். இடம் இருந்தா போதும். இன்னொண்ணு நம்ம காது கேக்காத தச்சர் அக்காவுக்கு. அவங்க கை பேசுறதை வாயால சொல்ல ஒரு ஆளையும் பக்கத்துல வைக்கணும். எதைக் கட்டுறதா இருந்தாலும் வரைபடத்தை முதல்ல நாங்க ரெண்டு பேரும் பார்க்கணும். அளவெடுக்காம தச்ச சட்டையை நாங்க எவ்வளவு நாளைக்குத்தான் போட்டுக்கிட்டு சிரிக்கிறது?

— அதுக்கெல்லாம் நான் மேலிடத்துல கேக்கணும்மா.

— என் படத்தை இருநூறு அடிக்கும்போது மேலிடத்துல கேட்டீங்களா?

— அது வேற.

— என்கிட்டயாவது கேட்டீங்களா?

— ஐயா, கேட்ல இருந்து போன். அவங்க வண்டி பாலத்தைத் தாண்டிருச்சாம். பத்து நிமிசத்துல வந்துருவாங்க.

— கடவுளே. எத்தனை பேராம்?

— மூணு பேரு. தலைமைக்கு வர்ற அம்மாவும் சக்கர நாற்காலியாம் ஐயா. அஞ்சு மணி நேரமா கார்லயே வர்றாங்களாம். வந்ததும் முதல்ல பாத்ரூம் எங்கன்னு டிரைவர் இப்பவே கேக்குறாரு.

— ஐயோ! அதை ஏன்யா யாரும் முன்னாடியே சொல்லல?

— சொன்னா இந்த ரூமைக் காலி பண்ணியிருப்பீங்களா சார்?

— டெய்லரம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். என் வேலையே போயிடும்.

— உங்க வேலை போக வேண்டாம் சார். நீங்க கெட்டவர் இல்ல, எங்களைக் கேக்கத் தெரியாதவர். ஒரு தாள் எடுங்க. மையத்தோட பேர் அச்சடிச்ச தாளா இருக்கட்டும்.

— வாட்ச்மேன், ஓடிப்போய் என் மேசையிலேருந்து தாளும் முத்திரையும் கொண்டா!

— கையிலயே வச்சிருக்கேன் ஐயா.

— எப்போய்யா எடுத்தே?

— தங்கச்சி ‘யோசிக்கிறேன்’னு சொன்னப்பவே.

— எழுதுறேம்மா, எழுதுறேன். இந்தாங்க, கதவுக்கு அடியில தள்ளுறேன். கிடைச்சுதா?

— கிடைச்சுது. ‘இரு இடங்கள் வழங்க ஆவன செய்ய முயற்சி மேற்கொள்ளப்படும்.’ சார், இதுல எத்தனை தையல் சும்மா ஓட்டியிருக்கீங்க! ஆவனவைப் பிரிங்க. முயற்சியை அடிங்க. ‘வழங்கப்படும்’னு மட்டும் இருக்கட்டும். திருப்பித் தள்ளுறேன்.

— அடிச்சுட்டேன்.

— வரைபடம்?

— அதாவது, அதையும் எழுதிட்டேன். ‘அவ்விருவரின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கட்டுமானமும் தொடங்கப்படாது.’

— நீங்களா இப்படி எழுதினீங்க?

— நான்தாம்மா. எழுதிப் பார்த்தா அவ்வளவு கஷ்டமா இல்ல. கையெழுத்து போட்டாச்சு, முத்திரை குத்தியாச்சு. இந்தாங்க.

— ம். எழுத்து முத்து முத்தா இருக்கு சார். அண்ணே, நீங்களும் சாட்சி.

— சாட்சி கையெழுத்து போடணுமாம்மா? எனக்கு ரொம்ப ஆசை.

— ஐயோ, கார் கதவு சாத்துற சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. அந்தம்மா நேரா இந்தப் பக்கம்தான் வண்டியை உருட்டிக்கிட்டு வர்றாங்க! சிரிச்சுக்கிட்டே வர்றாங்க, ஆனா வேகமா வர்றாங்க. டெய்லரம்மா, எல்லாம் முடிஞ்சுது. தாழ்ப்பாளை எடுங்க!

— நான் தாழ்ப்பாளே போடல சார். உங்க கதவு உள்பக்கமா தொறக்குற கதவு. உள்ள வந்து வண்டியைத் திருப்புனேன், தொப்பிப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவுல சிக்கிக்கிச்சு. ஒன்பது மணிலேருந்து அசைய முடியல. காப்பாத்துங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், அதுக்குள்ள நீங்க போராட்டமான்னு கேட்டுட்டீங்க. அந்தம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லிட்டு, கதவையே கழட்ட தச்சர் அக்காவைக் கூப்பிடுங்க.