மூக்கடைப்பு நோட்டு

– ஏங்க, பால் வத்தி, சட்டி கரியாப் போச்சு. எதுத்த வீட்டு மாரிக்கனி அக்கா தெருவுலருந்து ஓடிவந்து அடுப்ப அணைக்குது. உங்களுக்கு ஒண்ணும் தெரியலயா?

– என்னையக் கேட்டா? ரெண்டு வருசமா எனக்குத்தான் மூக்குல சிமெண்டு வச்சுப் பூசுனாப்புல அடைச்சிருக்கே. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவ நீ.

– நான் நோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

– அந்த நோட்டத் தூக்கிப் போடு தாயி. பாலவனத்தமே சிரிக்குது, புருசன் மூக்கப் பத்தி ஒருத்தி தினம் எழுதுறான்னு.

– சிரிச்சுட்டுப் போகட்டும். அருப்புக்கோட்டை டாக்டர் என்ன சொன்னாரு? சளி இல்ல, மூக்குக்குள்ள இருக்க சதை வீங்கிக்கிருது, ஏதோ ஒண்ணு உங்களுக்கு ஒத்துக்கல, அது என்னன்னு கவனிச்சு எழுதிட்டு வாங்கன்னாரா இல்லையா?

– சொன்னாரு, சொன்னாரு.

– விடிய விடிய வாயால மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கீக. தூக்கமே இல்லாம வண்டிய எடுத்துட்டுப் போயி, முந்தாநாள் பந்தல்குடி ரோட்டுல கண்ணு சொக்கி, லோடோட பள்ளத்துல எறங்கப் பாத்தீக. உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் எங்க போவேன்? ஒரு தடவ தாலி அறுத்தவ நான்.

– அந்தப் பேச்சப் பேசாத ஜெகதி.

– அப்ப நோட்டக் கேளுங்க. “அய்யப்பன், வயசு நாப்பத்திரெண்டு.” ஆட்ட உங்க தங்கச்சி வீட்டுல கொண்டு போயிக் கட்டுனேன். அடைப்பு விடல. இலவம்பஞ்சுத் தலகாணிய எடுத்துட்டு என் சேலையச் சுருட்டி வச்சேன். விடல. ஊதுபத்திய நிறுத்திட்டு, சாமிய வெறுங்கையால கும்பிட்டேன்.

– சாமி கோவிச்சுக்கிறல. ஆடுதான் என்னையப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிருது.

– வெளையாடாதீக. போன மாசம் வரிசையாப் பதினாறு நாள் மட்டும், “நல்லாத் தூங்குனாக, நல்லாத் தூங்குனாக”ன்னு எழுதியிருக்கேன். எந்தப் பதினாறு நாளு தெரியுமா? நரிக்குடிப் பெரியப்பா தவறிப்போன கேதத்து நாளு.

– அலைச்சல்ல அசந்து தூங்கியிருப்பேன்.

– என்ன அலைச்சல்? நரிக்குடிக்கு ஒரு நாள் போனோம். மத்த நாளெல்லாம் இதே வீடு, இதே பாயி, இதே வண்டி. ஒண்ணே ஒண்ணுதான் இல்ல. கேதம்னு நான் பூ வைக்கல.

– பூவு என்ன செய்யும், பாவம்.

– நிமிந்து என்னையப் பாத்துச் சொல்லுங்க. மல்லிதான?

– ம்.

– உங்களுக்கு முன்னாடியே தெரியும்!

– பதினேழாம் நாள் மார்க்கெட்டுல பூ வாங்கிட்டு வந்தேன்ல, வீடு வந்து சேர முன்ன வண்டிக்குள்ளயே அடைச்சிருச்சு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

– தெரிஞ்சுமா தினம் ஒரு முழம் வாங்கிட்டு வாரீக?

– அந்த மனுசன் போனதுக்கப்புறம் ஆறு வருசம் ஊரு ஒன்னையப் பூப் பக்கமே போக விடல. நம்ம கல்யாணத்தன்னைக்கு மாலையத் தள்ளிவிட்டுட்டு, ஒரு சரத்த மூக்குல வச்சு, “மணக்குதுங்க”ன்னு அழுத. அன்னைக்கே திருச்சுழிச் சாமிகிட்டச் சொல்லிட்டேன், நான் இருக்குற வரைக்கும் இவளுக்குப் பூ இல்லாத சாயங்காலம் கெடையாதுன்னு.

– சாமிக்கு உங்க மூக்கு மேல இரக்கம் இருக்காதா? நாளைலருந்து கனகாம்பரம் வாங்கிட்டு வாங்க. பூவும் ஆச்சு, அதுல வாசமும் கெடையாது.

– வாசத்துக்கு ஏங்கிக் கெடந்தவ நீ. ஒன் கையில கொண்டாந்து வாசமில்லாத பூவக் குடுக்கவா? மாட்டேன் தாயி. மூக்கு அடைச்சா அடைச்சுட்டுப் போகுது.

– பொறுங்க. ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. நம்ம கல்யாணத்துக்கப்புறம் கொரோனாக் காச்சல்ல படுத்தேன்ல? அதுலருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியாது.

– என்னது?

– பால் தீஞ்சதும் தெரியல. மல்லியும் தெரியல.

– பொய் சொல்ற. நேத்துக்கூடப் பூவ வாங்குன ஒடனே மூக்குல வச்சு, கண்ண மூடிச் சிரிச்சியே. தினமும் அப்பிடித்தான செய்யிற?

– ஆமா. பூவக் குடுத்துட்டு, நீங்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பீகள்ல.