எபினேசர் சார் அனுப்பின ஆளு

– சாவி எங்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்.

– தோ பாருங்க மிஸ்ஸு, வெளாடாதீங்க. ஐஸ் வாங்கப் போணும்.

– ஐஸ் காலையிலயே வந்தாச்சு பச்சையப்பண்ணா. நீங்கதான் எறக்கினீங்க. சட்டை கூட இன்னும் காயல.

– அப்போ கேஸ் சிலிண்டரு.

– ரெண்டு ஃபுல்லா இருக்கு. காட்டட்டுமா?

– வயிறு சரியில்ல மிஸ்ஸு. காலையிலருந்து ஒரே பேஜாரு.

– நாஷ்டாவுக்கு பதினோரு பூரி சாப்ட்ட வயிறா?

– எண்ணினு இருந்தீங்களா?

– நான் எண்ணல. புலி அணிப் பசங்க பந்தயம் கட்டி எண்ணினாங்க. பன்னண்டுன்னு சொன்னவன் தோத்துட்டு அழுதுட்டான்.

– அடப்பாவி, எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னொண்ணு தின்னிருப்பேனே.

– பேச்ச மாத்தாதீங்க. அஞ்சு மணிக்கு நிறைவு விழா. இருபத்தஞ்சு ஸ்கவுட் கேம்ப்பு ஒண்ணு விடாம வந்த ஒரே ஆளு நீங்க. பந்தல், மைக் செட்டு, சேர் எல்லாம் உங்களுக்கு மரியாதை பண்ணத்தான். நீங்க என்னடான்னா நாலு மணிக்கு குட்டியானை வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு கெளம்புறீங்க. எங்க?

– ஊட்டுக்கு.

– ஏன்?

– கூச்சமா கீது.

– யாருக்கு, உங்களுக்கா? நேத்து கேம்ப் ஃபயர்ல பொம்பள வேசம் போட்டு ஆடுனது யாரு?

– அது வேற மிஸ்ஸு. அது பொடவ. இது சால்வ.

– ஒன் மினிட். எனக்குப் புரியல.

– பொடவ கட்டினா எல்லாருக்கும் தெரியும், இவன் வேசம் போட்டுக்கினுகிறான்னு. சால்வ போத்தினா தெரியாது. அதான்.

– இன்னும் புரியல. காரணத்த ஒழுங்கா சொல்லுங்க, சாவி தரேன்.

– நெசமா?

– காரணம் சரியா இருந்தா.

– சொல்ட்டு அப்பால என்ன ஒரு மாதிரி பாக்கக் கூடாது.

– பாக்க மாட்டேன்.

– நா ஸ்கவுட்டே இல்ல மிஸ்ஸு.

– என்னது?

– ஸ்கவுட்டும் இல்ல, ஸ்கவுட் மாஸ்டரும் இல்ல. அந்த ஸ்கார்ப்பு, விசிலு, ஒண்ணும் என்னுது இல்ல. நா டெம்போ டிரைவரு.

– இப்ப ஸ்கூல் வேன் ஓட்றீங்க. லீவு விட்டா இங்க வந்து ஸ்டோர் பாத்துக்கறீங்க. இது ஊருக்கே தெரியுமே.

– அது இப்ப. நா சொல்றது மொத மொத வந்த கத. கொரோனா ரெண்டு வருசத்தயும் சேத்தா இருபத்தாறு வருசம் ஆவுது. மீஞ்சூராண்ட ஒரு ஸ்கூலு. பசங்க இருபத்திரண்டு பேரு. டெம்போவுல ஏத்தினு வந்து இந்தத் தோப்புல எறக்கி வுட்டுட்டு, சாயங்காலமே நா அத்திப்பட்டுக்கு ஜல்லி லோடு ஏத்தப் போணும். அதான் ஓனரு சொன்ன வேல.

– சரி.

– பசங்களோட ஒரு மாஸ்டரு வரணும். எபினேசர்னு பேரு. பத்து மணிக்கு வரேன்னவரு பதினொண்ணாச்சு, பன்னண்டாச்சு, ஆளயே காணோம். செல்போனா கில்போனா அப்போ? பஸ் ஸ்டாண்டுல மண்ட பொளக்குது வெயிலு. சின்னப் பசங்க ரெண்டு பேரு அழ ஆரம்பிச்சிட்டானுங்க. ஒருத்தன் எங்கிட்ட வந்து, 'அண்ணா, நீயாச்சும் கூட்டினு போறியா?'ன்னு கேட்டான். ஏத்தினு வந்துட்டேன்.

– அந்த சார் மேல கோவம் வந்துச்சாண்ணா?

– வராதா பின்ன? வண்டி ஓட்டினே திட்டினு வந்தேன். நல்ல வேள, பசங்க பின்னாடி பாட்டுப் பாடினு இருந்தானுங்க, காதுல வுழுந்திருக்காது.

– ம்.

– இங்க வந்து எறங்கினா, கேம்ப் சீஃப் நின்னுனு இருக்காரு. நம்ம ஆதிகேசவன் ஐயாதான். அப்போ மீச கருகருன்னு இருக்கும். என்னப் பாத்து கைய நீட்றாரு. காலையில ரேடியேட்டரு மூடியத் தொறந்து என் சோத்துக் கை வெந்து போயி ஈரத் துணி சுத்தியிருந்தேன். அதனால நா பீச்சாங்கைய நீட்னேன்.

– அய்யோ! அவரும் இடது கையத்தான் நீட்டியிருப்பாரு!

– சிரிக்காதீங்க மிஸ்ஸு. ஸ்கவுட்டுக்காரங்க இடது கையிலதான் கை குலுக்குவாங்கன்னு நா இன்னாத்தக் கண்டேன்? அவரு அப்டியே பூரிச்சிப் போயிட்டாரு. தோள்ல தட்டி, 'நம்ம ஆளுய்யா நீ'ன்னாரு.

– நீங்க இல்லன்னு சொல்லியிருக்கலாமே?

– சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு, 'எபினேசர் எங்க? பொறுப்பாளர் இல்லாத அணிய உள்ள வுட முடியாது, அதே வண்டியில திருப்பி அனுப்பிடுவேன், அவரு மேலயும் எழுதி அனுப்புவேன்'ன்னாரு. திரும்பிப் பாக்கறேன். இருபத்திரண்டு மூஞ்சி. பொட்டிய கீழ எறக்கி வெச்சிக்கினு என்னயே பாக்கறானுங்க. வாய்ல வந்துடுச்சு மிஸ்ஸு.

– என்ன வந்துச்சு?

– 'எபினேசர் சார்தான் என்ன அனுப்பினாரு. அவருக்கு ஒடம்பு சரியில்ல. அஞ்சு நாளும் நாந்தான் பாத்துக்கணும்னு சொன்னாரு.' அந்த மனுசன நா மூஞ்சி கூட பாத்ததில்ல.

– பசங்க?

– ஒரு பையன் வாயத் தொறக்கல. அஞ்சு நாளும். அந்தக் கட்டுப்பாட்ட நா அப்பால எந்த அணியிலயும் பாக்கல.

– ஓனர் சும்மா விட்டாரா?

– டெம்போவ ரெண்டாம் நாளே வேற ஆள வெச்சி எடுத்துக்கினு போயிட்டாரு. வேலயும் போச்சு. போனா போவட்டும்னு இருந்துட்டேன். ஆனா ஒண்ணு, இங்க நா பட்ட பாடு இருக்குதே! முடிச்சு போடச் சொன்னாங்க. லாரிக்கு தார்ப்பாய் கட்ற முடிச்சப் போட்டேன். ஐயா இழுத்துப் பாத்துட்டு, 'பசங்களா, இதுதான்டா முடிச்சு'ன்னாரு. மூணாம் நாளு தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துச்சு. வாயில விசில வெச்சி 'வா, வா, ரைட்ல ஒடி'ன்னு ஊதறேன், திரும்பிப் பாத்தா மொத்த கேம்ப்பும் பின்னாடி வரிசையா நிக்குது. சோத்துத் தட்டோட!

– அவசரமா எல்லாரும் கூடணும்கிற விசில் அது!

– எனக்கின்னா தெரியும்? ஐயா கடிகாரத்தப் பாத்துட்டு, 'ஒரு நிமிசத்துல நூத்தி நாப்பது பேரு. பலே பச்சையப்பன்'ன்னாரு.

– ஐயோ, வயிறு வலிக்குதுண்ணா. போதும்.

– சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சிக்கினுதான் இருபத்தஞ்சு கேம்ப்பு ஓட்டிட்டேன். ஆனா பசங்க உறுதிமொழி எடுக்கறப்போ நா எங்கயாச்சும் நின்னு பாத்திருக்கீங்களா?

– இல்ல. ஸ்டோருக்குள்ள போயி அரிசி மூட்டைய நகத்துவீங்க.

– நகத்தாத மூட்டய நகத்துவேன். சாரணன் நம்பத் தகுந்தவன்னு அவனுங்க மொத சட்டத்தச் சொல்றப்போ, எனக்கு காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருக்கும். ஐயா எத்தினியோ தபா ட்ரெய்னிங் போன்னாரு. ஃபாரம் குடுத்தாரு. யாரு மூலமா சேந்தன்னு அதுல ஒரு கட்டம் இருக்குது. அதப் பாத்ததும் மடிச்சி உள்ள வெச்சிடுவேன்.

– நைனா! இங்கயா கீற? உன்ன எங்கெல்லாம் தேடறது?

– வந்துட்டாங்க நம்ம சமையக்காரம்மா. வா குணசுந்தரி. இன்னா, பட்டுப் பொடவையோட அடுப்பாண்டருந்து வர்ற?

– பின்ன, சால்வ வாங்கறவ நைட்டியோடயா மேட ஏறுவா? பதினெட்டு வருசம் கரண்டி புடிச்சிருக்கேன், சாமி சத்தியமா ஒரு நாளு உப்பு கூடினதில்ல. ஜெனிபரு டீச்சரு, ஒண்ணு கேக்கறேன், எனக்கு எந்தக் கலரு சால்வ?

– ரோஸ்னு நெனைக்கிறேங்க்கா.

– பச்ச மட்டும் குடுத்துடாத தாயி. பள்ளிப்பட்டுல எங்க நாத்தனாரு அதே கலர்ல ஒண்ண வெச்சிக்கினு ஊரக் கலக்கறா. இந்தா நைனா, கேசரி. வாயத் தொற. பசங்களுக்கு முன்னாடி உனக்குத்தான்.

– சக்கர தூக்கலா கீதே.

– இருக்கட்டும், இன்னிக்கு உன் கல்யாணம் மாதிரி. பசங்க உனுக்குன்னு புதுசா ஒரு கைத்தட்டு கண்டுபுடிச்சிருக்குதுங்க. வண்டி ஸ்டார்ட் ஆவற மாதிரி தட்டி, கியரு போட்டு, கடைசியில ஆரன் அடிக்குதுங்க. நா எதயும் சொல்லல, நீ எதயும் கேக்கல.

– சொல்லிட்டியே.

– ஆங், அத வுடு. ஆதிகேசவன் ஐயா வந்துட்டாரு! திருவள்ளூர்லருந்து பேரன் காருல கூட்டினு வந்தான். எம்பத்திரண்டு வயசு, கோலு ஊணல. கக்கத்துல பழைய ரிஜிஸ்தரு ஒண்ணு. மைக்குல அதப் படிக்கப் போறாராம். சேர்ல குந்தினு இப்பவே படிச்சிப் படிச்சிப் பாக்கறாரு.

– இன்னா படிக்கறாரு?

– 'பச்சையப்பன், எபினேசர் அனுப்பிய ஆள்.' அப்டின்னு எழுதியிருக்குதாம். 'இவன நமக்கு அனுப்பின அந்தப் புண்ணியவானுக்கும் சேத்து எல்லாரும் கை தட்டணும்'னாரு. யாரு நைனா அந்த எபினேசரு? உன் சொந்தமா?

– தெரிஞ்சவரு.

– சாப்டு, சாப்டு. தட்ட நா அப்பால வாங்கிக்கிறேன். போயி சட்டய மாத்து, ஐஸ் தண்ணி வாட வருது. டீச்சரு, ரோஸு!

– ரோஸ்தாங்க்கா!

– கேட்டீங்களா மிஸ்ஸு?

– கேட்டேன்.

– நூத்தி அறுவது பசங்க முன்னாடி, மைக்குல. நா சொன்ன பொய்ய அந்த மனுசன் வாயால படிக்கப் போறாரு. தாம்பரத்துக்கு வழி கேட்டாக் கூட, தெரியலன்னா தெரியலன்னு சொல்ற மனுசன் மிஸ்ஸு அவரு. சாவிய குடுங்க. காரணம் சரியா இல்லயா?

– ஓடிப் போனா மட்டும் படிக்காம விட்டுடுவாரா?

– அதுவும் வாஸ்தவந்தான்.

– பாத்தீங்களா?

– அப்போ ஒண்ணு பண்றேன். சாவிய நீங்களே வெச்சிக்கங்க. நா மேட ஏறறேன். அவரு படிக்கறதுக்கு முன்னாடி மைக்க வாங்கி, 'ஐயா, மன்னிச்சிக்கங்க, என்ன ஒருத்தரும் அனுப்பல. அந்த எபினேசரு இருபத்திரண்டு புள்ளைங்கள நடு ரோட்டுல வுட்டுட்டு காணாமப் போயிட்டாரு. பொய் சொன்னது நானு'ன்னு போட்டு ஒடச்சிடறேன். சால்வ வேணாம், ஒண்ணும் வேணாம். இதாங்க சரி. இது ஏன் எனக்கு இத்தினி வருசம் தோணல? வாங்க மிஸ்ஸு, போலாம்.

– வேணாம்ண்ணா!

– இன்னா மிஸ்ஸு, இவ்ளோ நேரம் போவாத போவாதன்னு புடிச்சி வெச்சிக்கினு...

– மேடைக்கு வாங்க. ஆனா அத மட்டும் சொல்லாதீங்க. ஒன் மினிட்... ஒன் மினிட் இருங்க.

– ஏன் மிஸ்ஸு? நா எதுனா தப்பா சொல்ட்டேனா?

– நீங்க சொன்னதுல ஒண்ணு கூட தப்பு இல்ல. அதான் பிரச்சன. மூணு வருசமா என்னைத் தெரியும் உங்களுக்கு. எங்க அப்பா பேரு என்னன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?

– அதுக்கின்னா இப்ப? கேட்டதில்ல. இன்னா பேரு?

– எபினேசர்.

– எபினேசரா?

– உக்காருங்கண்ணா. தட்டு கீழ விழப் போவுது.

– நீங்க... அவரு பொண்ணா?

– அப்ப எனக்கு நாலு வயசு. அப்பா அந்த ஸ்கூல்ல ஏழு வருசமா டெம்பரரி. அன்னிக்கு காலையில எட்டு மணிக்கு கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனில இன்டர்வியூ. அரை மணில முடிஞ்சிடும், ஓடிப் போயி பசங்களோட பஸ் ஸ்டாண்டுல சேந்துக்கலாம்னு போயிருக்காரு. கூப்புடும்போது மணி ஒண்ணரை. நடுவுல எழுந்து வந்திருக்கலாம். வரல. அத இன்னிக்கு வரைக்கும் அவரால சொல்லாம இருக்க முடியல.

– வேல கெடச்சுதா?

– கெடச்சுது. அந்த வேலையிலதான் என்னைப் படிக்க வெச்சாரு.

– அப்போ சரி.

– கேளுங்கண்ணா. சாயங்காலம் பயந்து நடுங்கிக்கினு இந்த கேட்டுக்கு வந்திருக்காரு. வாட்ச்மேன் பாத்துட்டு, 'கவலப்படாதீங்க சார், நீங்க அனுப்பின ஆளு பசங்களத் தங்கமா பாத்துக்கறாரு'ன்னாராம். அப்படியே திரும்பிட்டாரு. உள்ள வர மொகம் இல்ல. அவரு மேல யாரும் எழுதிப் போடல, எந்தப் பையன் வீட்டுலயும் சண்டைக்கு வரல. யாரு அந்த ஆளு, ஏன் தன்னைக் காப்பாத்தினான்னு தெரியாமலே இத்தன வருசம். வீட்டுல உங்க பேரு 'அனுப்பின ஆளு'தான். என்னை இந்த கேம்ப்புக்கு அனுப்பினதே, அந்த ஆளு இன்னும் இருக்காரான்னு பாத்துக்கினு வரத்தான். இந்த விழாவுக்கு ஐயா பழைய ரிஜிஸ்தரத் தேடி எடுத்தப்பதான் அது நீங்கன்னு தெரிஞ்சுது.

– மிஸ்ஸு... நா வண்டியில அவர எப்டியெல்லாம் திட்டினேன் தெரியுமா?

– நீங்க திட்டினதை விட அதிகமா அவரு தன்னையே திட்டிக்கினு இருக்காரு. இன்னிக்கு காலையில பதினோரு மணியிலருந்து ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடையில உக்காந்திருக்காரு. பழைய ஸ்கார்ப்ப அயர்ன் பண்ணி கட்டிக்கினு வந்து, பஸ்ஸ விட்டு எறங்கினதும் கழட்டி பையில போட்டுக்கினாராம். ஏழு டீ ஆச்சு. நான் ரெண்டு தடவ போயி கூப்ட்டுட்டேன். நீங்க உள்ள இருக்கற எடத்துக்கு அவரு எந்த மொகத்தோட வர்றதுங்கறாரு. மணி நாலரை ஆவப் போவுது. நீங்க வந்து கூப்ட்டாதான் எழுந்திருப்பாரு. ரோட்டு வரைக்கும் எங்கூட வர்றீங்களாண்ணா?