புதுசை எடுக்காதவள்

தொண்ணூறுகளில் ஒரு காலை, தாம்பரத்தில் கிளம்பிய ரயிலின் பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே இருவர். ஒருத்தி நகத்தைக் கடித்தபடியே பேசினாள்.

"நம்ம ரெண்டு ப்ராஜெக்ட்டுக்கும் காமனா இருக்கிற கம்ப்யூட்டர் கோட்ல, தேதி கணக்குப் போடற இடத்தை நேத்து மாத்திட்டேன்டி. என் ஆஸ்பத்திரி பில் ப்ரோக்ராம் சரியா வருது. ஆனா உன் சம்பள ப்ரோக்ராம் தப்பாயிடும்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. இன்னிக்குச் சம்பள நாள் வேற!"

"ஒண்ணும் ஆகாது. நீ மாத்தினதை நான் எடுக்கவே இல்லை. என் ப்ராஜெக்ட் போன மாசம் காப்பி எடுத்த வெர்ஷன்லயே நிக்குது. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் புதுசை எடுப்பேன்."

"என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"துளிகூடக் கிடையாது."

பல்லாவரம் வந்தது. நகம் கடித்தவள் தோழியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நீ நல்லா இருப்படி. கடைசி வரைக்கும் என்னை நம்பிடாதே."