முழுநேரப் படிப்புக்கு ஓர் ஆள்

மனைவி: ...அப்ப விடியறதுக்கு முன்னாடியே எழுந்திருக்கற. அந்தப் பச்சை ஸ்கெட்ச்சை எடு.

கணவன்: இரு, இரு. யாரு எழுந்திருக்கறது?

மனைவி: நீதான். உன் டைம்டேபிள்தானே இது?

கணவன்: என்னோடதா? உன்னோடதுன்னு நினைச்சுல்ல இவ்வளவு நேரமா கோடு போட்டுக்கிட்டிருக்கேன்! மேல பாரு, உன் பேரையே எழுதிட்டேன். பக்கத்துல பூவெல்லாம் போட்டு.

மனைவி: அது பூவா! நான் கரப்பான்னு நினைச்சு அப்பவே தட்டிவிடப் பார்த்தேன்.

கணவன்: சிரிக்காத. காலையில வந்த ரிசல்ட்ல ஊத்திக்கிட்டவ சாயங்காலம் இப்படியா சிரிப்பா?

மனைவி: நீ மட்டும் என்னவாம்? விசிலடிச்சுக்கிட்டே படியேறி வந்த. கீழ் வீட்டுல எட்டிப் பார்த்தாங்க.

கணவன்: அது... துக்கத்துல அடிச்ச விசில்.

மனைவி: துக்கத்துல யாராவது விசிலடிப்பாங்களா?

கணவன்: எத்தனை தடவைதான் அழறது? ஸ்டாக் தீர்ந்து போச்சு. மிச்சம் விசில்தான் இருக்கு.

மாமியார்: அங்க என்னடா கும்மாளம்? அடுப்படி வரைக்கும் கேக்குது. பெயிலான வீடு மாதிரியா இருக்கு?

மனைவி: ஒண்ணுமில்ல அத்தை! டைம்டேபிள் போடறோம்!

மாமியார்: டைம்டேபிளா? யாருக்கு?

கணவன்: இவளுக்கு!

மனைவி: உங்க பிள்ளைக்கு!

மாமியார்: ...ம். நடத்துங்க, நடத்துங்க.

கணவன்: இங்க பாரு. போன தடவையே பேசி முடிச்சாச்சு. வேலைக்கும் போய்க்கிட்டு, புத்தகத்தையும் நெஞ்சு மேல கவுத்துக்கிட்டுத் தூங்கினா ரெண்டு பேருமே ஜென்மத்துக்கும் ஆடிட்டர் ஆக மாட்டோம். இந்தத் தடவையும் ரெண்டு பேருக்கும் போச்சுன்னா, ஒருத்தர் வேலைய விட்டுட்டு முழுநேரமா படிக்கணும். இன்னொருத்தர் வீட்டப் பார்த்துக்கணும். ரிசல்ட் வந்த அன்னிக்கே ஆபீஸுக்குச் சொல்லிடணும். யாரு போட்ட சட்டம் இது?

மனைவி: நான்தான் போட்டேன்.

கணவன்: போட்டவதானே முதல்ல மதிக்கணும்? வேலைய விடு.

மனைவி: சட்டத்துல "ஒருத்தர்"னுதான் இருக்கு. "மனைவி"ன்னு இல்லையே. நீ விடு.

கணவன்: நான் எதுக்கு விடணும்?

மனைவி: உனக்குத்தான் மூளை இருக்கு. ஒரு தடவை படிச்சா போதும், பசை மாதிரி ஒட்டிக்கும்.

கணவன்: கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு மூளை இல்லைன்னுதானே சொல்லிக்கிட்டிருந்த?

மனைவி: இருக்கு. உபயோகிக்க நேரம் இல்லைன்னு சொல்ல வந்தேன்.

கணவன்: அடேயப்பா! இன்னிக்கு ஐஸ் பலமா இருக்கே... சரி, முதல்ல உன் மார்க்கைக் காட்டு. எந்தப் பேப்பர்ல அடி வாங்கினன்னு தெரிஞ்சாதானே அதுக்கு நேரம் கூடப் போட முடியும்?

மனைவி: நீ முதல்ல காட்டு.

கணவன்: புண்ணைக் கிளறாத.

மனைவி: எனக்கு மட்டும் ஆறிடுச்சாக்கும்?

கணவன்: சரி, சரி... மார்க் வேணாம். பொதுவா போடுவோம். காஸ்டிங் பேப்பர், காலையில.

மனைவி: போடு. காஸ்டிங்னாதானே உனக்குத் தகராறு.

கணவன்: உனக்குத்தான் போடறேன்.

மனைவி: எனக்கெதுக்கு? காஸ்டிங் எனக்கு நல்லா வந்திருக்குடா!

கணவன்: நல்லா வந்திருக்கா?

மனைவி: அதாவது... நல்லா எழுதினேன்னு சொன்னேன். நாம எழுதறதெல்லாம் திருத்தறவருக்குப் புரியுதா என்ன?

மாமியார்: என் பிள்ளைய டா போட்டது யாரு?

மனைவி: ஐயோ, வாய் தவறிடுச்சு அத்தை!

மாமியார்: பரவால்ல, போடு, போடு. இன்னிக்கு எது வேணா போட்டுக்கோ. எனக்கு இன்னிக்கு மனசு குளுகுளுன்னு இருக்கு.

கணவன்: என்னம்மா இது? பிள்ளையும் பெயில், மருமகளும் பெயில். உனக்குக் குளுகுளுன்னு இருக்கா?

மாமியார்: ஐயையோ... ஏதோ தீயற வாசனை வருது. நான் போறேன்பா.

கணவன்: அம்மாவுக்கு என்னாச்சு இன்னிக்கு?

மனைவி: பாவம், அவங்களுக்கும் அதிர்ச்சிதான். விடு, வேலையப் பாரு. ஆடிட்டிங்க எங்க வைக்கறது?

கணவன்: குளிக்கும்போது. உள்ள தண்ணிய ஊத்திக்கிட்டே விதிமுறைகளை வரிசையா கத்திச் சொல்லணும். நான் வெளிய நின்னு சரி பார்ப்பேன்.

மனைவி: தப்பாச் சொன்னா?

கணவன்: துண்டு கிடையாது.

மனைவி: ஹா! அப்ப நீ குளிக்கப் போனா வீட்டுக்குள்ளயே வெள்ளம் வந்துரும்! ஈரத்தோட நாள் முழுக்க நிப்ப!

கணவன்: நான் ஏன் நிக்கப் போறேன்? நீதானே குளிக்கற... அதாவது, நீதானே படிக்கற.

மனைவி: சரி, வரிச் சட்டம்?

கணவன்: சாப்பாட்டுக்கு அப்புறம் வேணவே வேணாம். ரெண்டாவது பாரா வர்றதுக்குள்ள குறட்டை வரும். சாயங்காலம், மொட்டை மாடியில, நடந்துக்கிட்டே.

மனைவி: ஃபார்முலாவெல்லாம் துணிக்கொடியில கிளிப் போட்டு மாட்டிடலாம். நடக்கற பக்கமெல்லாம் கண்ணுல படும்.

கணவன்: சூப்பர்! ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வு. அம்மாதான் சூப்பர்வைசர். குக்கர் விசில்தான் பெல்.

மனைவி: பக்கத்துல பார்த்து எழுதினா கரண்டியால ஒண்ணு.

கணவன்: பக்கத்துல யாரு இருக்கா பார்த்து எழுத? நீ தனியாதானே எழுதற?

மனைவி: நீதான் தனியா எழுதற!

கணவன்: சரி, சண்டை வேணாம். ஒரு நாளைக்கு எவ்வளவு வருதுன்னு கூட்டு.

மனைவி: கூட்டிட்டேன்... இருபத்தாறு மணி நேரம்.

கணவன்: ஒரு நாளைக்கா?

மனைவி: ஆமா.

கணவன்: தூக்கத்தைச் சேர்த்தா?

மனைவி: சேர்க்கல.

கணவன்: நாம ரெண்டு பேரும் சேர்ந்து கம்பெனி கம்பெனியா கணக்கு பார்க்கறோம்! ஒரு நாளைக் கூட்டத் தெரியல!

மனைவி: ஐயோ, வயிறு வலிக்குது... போதும், சிரிக்க வைக்காத... இடிக்கறத தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுடு.

மாமியார்: அது என்னடி அக்கவுண்ட்?

மனைவி: வந்துட்டீங்களா அத்தை? கணக்கு எங்கயோ இடிக்குது, ஏன்னு தெரியலன்னா, தெரியற வரைக்கும் வித்தியாசத்த ஒரு ஓரமா தூக்கிப் போட்டு வைப்போம். அதுக்குப் பேருதான்.

மாமியார்: நல்ல இடமா இருக்கே. எனக்கும் ஒண்ணு திறந்து குடேன்.

கணவன்: உனக்கென்னம்மா இடிக்குது?

மாமியார்: ஒண்ணும் இடிக்கல. டீயக் குடிங்க. ஆறிடும்.

கணவன்: நீயே சொல்லும்மா. யாரு வேலைய விடணும்? இவளா, நானா?

மாமியார்: என்னை எதுக்குடா இழுக்கற? ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீந்துடும். அவ்வளவுதான் சொல்வேன். அதுக்கு மேல என் வாயக் கிளறாதீங்க.

மனைவி: மனசு விட்டுத்தான் பேசிக்கிட்டிருக்கோம் அத்தை.

மாமியார்: ஆமாமா. அழகா பேசறீங்க. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

கணவன்: நான் மனசு விட்டே சொல்றேன். நான் சும்மா பிடிவாதம் பிடிக்கல. காலையில நீ போன்ல அழுத பாரு... ஒரு வார்த்தை பேச முடியாம தேம்பித் தேம்பி... அது இன்னும் என் காதுலயே இருக்கு. இன்னொரு தடவை அந்த அழுகைய என்னால கேக்க முடியாது. நீ நிம்மதியா உட்கார்ந்து படி. சமையல், துணி, அம்மாவுக்கு மருந்து, எல்லாம் நான் பார்த்துக்கறேன். அடுத்த தடவை நீ பாஸ் பண்ணியே ஆகணும்.

மனைவி: நீ... ஏன் இப்படி இருக்க?

கணவன்: எப்படி?

மனைவி: இவ்வளவு நல்லவனா. இன்னிக்குப் போயி... எனக்குக் கஷ்டமா இருக்கு.

கணவன்: கஷ்டப்படாத. என் மூஞ்சியப் பாரு. நான் கவலையாவா இருக்கேன்?

மனைவி: இல்ல. அதான் பயமா இருக்கு. ரொம்பத் துக்கம் வந்தா சிலருக்கு இப்படி ஆகுமாம். நீ ஜெயிக்கணும்பா. நான் எப்படிப் போனாலும் பரவால்ல. உன் பேருக்குப் பின்னாடி ஆடிட்டர்னு வரணும். அதுவரைக்கும் எனக்கு எதுவுமே இனிக்காது.

கணவன்: எனக்கும் அதேதான்.

மாமியார்: கடவுளே... ரெண்டு பேரும் இப்படியே விடிய விடிய பேசுவீங்க போல இருக்கு.

கணவன்: சரிம்மா, ஒரேயடியா முடிச்சுடறேன். ஒரு காசு குடு. பூ விழுந்தா இவ படிக்கறா. தலை விழுந்தா நான் படிக்கறேன். விழுந்தது விழுந்ததுதான். அப்பீல் கிடையாது.

மனைவி: சம்மதம். ஆனா அத்தை சுண்டட்டும்.

மாமியார்: நான் மாட்டேன். எனக்கு இந்தப் பாவத்துல பங்கு வேணாம்.

கணவன்: அப்ப நானே... இந்தா!

மனைவி: எங்க விழுந்துச்சு?

கணவன்: ஃப்ரிட்ஜுக்கு அடியில உருண்டுடுச்சு. இரு, குனிஞ்சு பார்க்கறேன்.

மனைவி: நீ பார்க்காத, ஏமாத்துவ! நகரு, நானும் பார்க்கணும்... ஐயோ, தலையில இடிக்காத!

கணவன்: நீதான் இடிச்ச! தெரியுதா? வலது பக்கம், தூசிக்குப் பக்கத்துல...

மனைவி: ...பூ.

கணவன்: பூவேதான்! நான்தான் சொன்னேன்ல, பூ உனக்குன்னு! எழுந்திரு. மேனேஜருக்குப் போன் போடு.

மனைவி: இப்பவா?

கணவன்: இப்பவேதான். ரிசல்ட் வந்த அன்னிக்கே சொல்லணும்னு சட்டம்.

மனைவி: இல்ல... கேளு... எங்க செக்‌ஷன் ஹெட் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறாரு. அந்த நாற்காலி எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. உனக்கே தெரியும், எவ்வளவு நாளா நான் அதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்னு.

கணவன்: தெரியும். எனக்கும் வருத்தமாதான் இருக்கு. ஆனா நீ ஆடிட்டர் ஆயிட்டா அந்த ஆபீஸே உன்னைத் தேடி வரும்.

மனைவி: ...சரி. உனக்காக விடறேன். நாளைக்கு நேர்ல போய் சொல்லிடறேன்.

கணவன்: நேர்ல போனா அவரு உன்னை மயக்கிடுவாரு. போன்லயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு, நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்.

மனைவி: ஸ்பீக்கரா? ஸ்பீக்கர் ரிப்பேர்.

கணவன்: நேத்துக்கூட அதுல பாட்டு கேட்டியே.

மனைவி: பாட்டு கேக்கும். மேனேஜர் கேக்காது.

கணவன்: குடு இங்க.

மனைவி: விடு... போனை விடுடா! அத்தை, பாருங்க இவரை!

கணவன்: வந்துருச்சு... இதோ மேனேஜர் நம்பர். போட்டாச்சு. ஸ்பீக்கரும் நல்லாதான் இருக்கு. ரிங் போகுது, கேக்குதா?

மனைவி: கட் பண்ணு!

கணவன்: ஏன்?

மனைவி: கட் பண்ணுன்னா கட் பண்ணு! அவரு எடுத்தா முதல் வார்த்தையே வாழ்த்துக்கள்னுதான் சொல்வாரு!

கணவன்: வேலைய விடறதுக்கா வாழ்த்து?

மனைவி: கட் பண்ணிட்டியா? அப்பாடா... இல்லடா. காலையில ரிசல்ட் பார்த்தப்ப அவரு என் பக்கத்துலதான் நின்னாரு. நான்... நான் பாஸ்.

கணவன்: நீ பாஸா?

மனைவி: எல்லாப் பேப்பரும். அதுல வந்த அழுகைதான் அது. சந்தோஷத்துல எனக்குப் பேச்சே வரல. என்னன்னு சொல்றதுக்குள்ள நீயே "அழாத, விடு, எனக்கும் போச்சு"ன்னுட்ட. அதுக்கு மேல எந்த வாயால நான் பாஸ்னு சொல்றது? நாள் பூரா உள்ளுக்குள்ள குதிச்சுக்கிட்டும் இருந்தேன், உன்னை நினைச்சு செத்துக்கிட்டும் இருந்தேன்... ஏன் இப்படித் தரையில உட்கார்ந்துட்ட? கோவமா? வாயத் திறந்து ஏதாவது சொல்லு! தோளெல்லாம் குலுங்குது, அழறியா, சிரிக்கறியா? அத்தை, சீக்கிரம் வாங்க, உங்க பிள்ளைக்கு என்னமோ ஆகுது!

மாமியார்: அவனுக்கு ஒண்ணும் ஆகல, சிரிப்பு அடைச்சுக்கிச்சு, முதுகுல ஒரு தட்டு தட்டு. அவனும் பாஸ்தான்டி! நீ அழுதுட்டியாம், அதனால உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு காலையில போன் பண்ணி என்கிட்ட சத்தியம் வாங்கினான். மத்தியானம் நீயும் போன் பண்ணி அதே சத்தியத்த வாங்கின. ரெண்டையும் அடக்கி வெச்சுக்கிட்டு இன்னிக்குப் பூரா நான் பட்ட பாட்டுக்கு, உங்க பரீட்சைய நானே எழுதிப் பாஸ் பண்ணியிருப்பேன்!