பத்து நிமிஷம் ஓடும் எஞ்சின்

வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினம் போகும் டவுன் பஸ். முன் சீட்டில் மடியில் துணிப்பையோடு ஒரு படகுக்காரர், பக்கத்தில் அவருக்குத் தெரிந்த எஞ்சின் மெக்கானிக்.

"எஞ்சினுக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்கண்ணே" என்றார் படகுக்காரர். பின் சீட்டிலிருந்த நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"என்ன பண்ணுது?"

"பத்து நிமிஷம் ஓடுது, நின்னுடுது. நேத்து பாயை விரிச்சுத்தான் கரைக்கு வந்தேன். கார்புரேட்டரை ரெண்டு தடவ கழுவியாச்சு. இந்தா, பையிலதான் இருக்கு."

"நின்னதும் என்ன செய்வீங்க?"

"பெட்ரோல் இருக்கான்னு டேங்க் மூடியத் திறந்து பார்ப்பேன். இருக்கும். மூடிட்டுக் கயித்த இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆயிடும். திரும்பப் பத்து நிமிஷம்."

"மூடியில காத்து போறதுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்குமே. அது அடைச்சா பெட்ரோல் எஞ்சினுக்கு வராது. நீங்க திறந்ததும் காத்து போகுது, ஓடுது. ஓட்டையப் பார்த்தீங்களா?"

படகுக்காரர் பையை மடியிலிருந்து கீழே வைத்தார்.

"அதுமேலதாண்ணே சந்தனப் பொட்டு இருக்கு. ஆயுத பூஜைக்கு வீட்டுல வச்சது."

"வீட்டுக்குப் போன் போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டார். பாதி பஸ்ஸுக்குக் கேட்டது.

"ஏம்மா, திண்ணையில வச்சிருக்கற டேங்க் மூடியில இருக்கற சந்தனத்த ஊசியால குத்தி எடு. அதுதான் அடைச்சிருக்கு."

"ஐயய்யோ, பூஜைக்கு வச்சது நாலு நாள்லயே உதிர்ந்துடுச்சுங்க. எஞ்சின் நிக்குது நிக்குதுன்னு புலம்புறீங்களேன்னு, தினமும் காலையில நான்தான் சாமிய வேண்டிக்கிட்டுப் புதுசா, நல்லா கெட்டியா வச்சு விடறேன்!"