ஏழேகால் மணித் தண்ணீர்

– செடி அழுகிப் போச்சு சார். தொட்டாலே கொழகொழங்குது. இப்படியா தண்ணி ஊத்துவாங்க?

– நோட் பண்ணிக்கம்மா. தினமும் காலையில ஏழேகாலுக்கு ஒரு டம்ளர். ஒருநாள் தவறினதில்ல. ஆபீஸ்ல நாப்பது பேரை மேய்ச்ச சூப்பரின்டெண்ட் நான்.

– நாப்பது பேரும் பொழச்சாங்களா? அட போங்க சார்! உள்ளங்கை அகலம்கூட இல்ல, பாலைவனத்துச் செடி இது. இலைக்குள்ளயே தண்ணியச் சேத்து வச்சுக்கும். உங்க பொண்ணு வாங்கினப்பவே தொட்டியில சீட்டு ஒட்டிக் குடுத்தேனே, ‘பதினஞ்சு நாளுக்கு ஒருதடவை’ன்னு?

– ஊருக்குக் கிளம்புற அவசரத்துல அவ படிக்கல.

– நீங்க?

– கிழிச்சுட்டேன்.

– எதுக்கு?

– எனக்கு உத்தரவு போட்டுத்தாம்மா பழக்கம். சரி, இதே மாதிரி இன்னொண்ணு எடு. அதே உயரம், நுனியில அதே சிவப்பு. நாளைக்குக் காலையில ஆய்வு இருக்கு.

– ரிட்டையர் ஆனப்புறமும் ஆய்வா? யார் சார் வர்றது?

– வரல. வெளிநாட்டுலேர்ந்து மக வீடியோவுல பார்ப்பா. ‘அப்பா, ஊத்துங்க’ம்பா. நான் ஊத்துவேன். அப்படியே ரெண்டு வார்த்தை... சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி, இப்படி நிர்வாக விஷயங்க.

– இது மூணாவது செடி சார். இதையும் பத்தே நாள்ல கொன்னுடுவீங்க. ஒண்ணு செய்யுங்க, வெறும் டம்ளரைக் கவுத்துக் காட்டுங்க.

– மேலதிகாரியை ஏமாத்தச் சொல்றியா? சத்தம் கேக்கணும்மா, ஈரம் தெரியணும். கெட்டிக்காரி அவ.

– அப்ப நிஜத்தைச் சொல்லிடுங்க. கூச்சமா இருந்தா நம்பரைக் குடுங்க, நான் சொல்றேன். தினம் ஊத்த வேணாம் தாயி, மாசத்துக்கு ரெண்டு தடவை போதும்னு...

– வேணாம்மா!

– ஏன் சார் இப்படிப் பதறுறீங்க? போனைக் கீழ வைங்க, பிடுங்கிட மாட்டேன். செடியைப் பத்தித் தெரியாமப் பண்ணீங்க, அதுல என்ன தப்பு?

– தெரியும்மா.

– என்ன தெரியும்?

– அந்தச் சீட்டைப் படிச்சுட்டுத்தான் கிழிச்சேன். அவ அம்மா போனப்புறம், மாசத்துக்கு ஒருதடவைதான் கூப்பிடுவா. இதுக்குத் தினம் தண்ணி ஊத்தணும், நான் மறந்துடுவேன், ஞாபகப்படுத்துன்னு அவகிட்டச் சொன்னதுலேர்ந்துதாம்மா... தினம் கூப்பிடுறா.